இடப்பக்கம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது

உத்தமபாளையம்,
சனிக்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அய்யாத்துரை அவர்களுக்கு, ஸ்டான்லி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நானும் என் சர்க்கரை மாத்திரைகளும் சுகம். போடியில் உங்கள் சுகமும், தங்கை எப்சிபாவின் சுகமும், ஏலக்காய்க் கடையின் சுகமும் அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்களே கேட்டு, நீங்களே பதிலும் சொல்லி, நீங்களே வைத்துவிடுவீர்கள். ஆகவே கடிதம்.

நீங்கள் ஒப்படைத்த வேலையை நான் மறக்கவில்லை. "மச்சான், நீங்க வாத்தியாரு, நீங்க சொன்னா எம் மக மகிமா கேப்பா. பிள்ளைய வளக்குறதுக்கு எதுக்கு எம்.எஸ்ஸி.? எங்க ஆத்தா ஏழு பேர வளத்தாகளே, எந்தக் காலேசுக்குப் போனாக?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. குழந்தை வளர்ச்சியும் குடும்பவியலும் என்ற அந்த மேற்படிப்புக்கு வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், அதில் உங்கள் கையெழுத்து வேண்டும், அதைக் கேட்கவே விடாமல் நான் பிள்ளையின் மனதைத் திருப்ப வேண்டும். சரி என்றுதான் மாப்பிள்ளை நானும் கிளம்பினேன்.

மகிமா இங்கே வந்தது காலேஜுக்காக ஒரு பதிவேடு எழுதுவதற்காக. ஐந்து வயதுப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்த்து, பார்த்ததை மட்டும் எழுத வேண்டுமாம். பக்கத்து வீட்டு அப்சல் தம்பியின் மகள் பாஜிலாவைக் காட்டினேன். கூடவே ஒரு உதவியாக இருக்கட்டுமே என்று, "அடங்காத பிள்ள, சொன்ன பேச்சு கேக்காதுன்னு எழுதிக்கத்தா" என்றேன்.

"அப்படியெல்லாம் எழுதக்கூடாது மாமா. 'மூணு தடவ கூப்பிட்டேன், திரும்பல'ன்னுதான் எழுதணும்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"இல்ல மாமா. மொதல்ல சொன்னது நம்ம கோவம். ரெண்டாவதுதான் பிள்ள."

முப்பத்து நாலு வருடம் மதிப்பெண் அட்டையில் நான் எழுதியதெல்லாம் என் கோபம்தானா என்று யோசித்துக்கொண்டே அன்று இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டேன்.

மறுநாள் ஒரு சோதனை வைப்பதாகச் சொன்னாள். திராட்சையை ஐந்தைந்தாக இரண்டு வரிசை வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பி, எதில் அதிகம் என்று கேட்க வேண்டும். எனக்கு இன்ஸ்பெக்ஷன் ஞாபகம் வந்துவிட்டது. நம் தெருப் பிள்ளை தப்பாகச் சொன்னால் யாருக்கு அவமானம்? அன்று சாயங்காலமே பாஜிலாவைக் கூப்பிட்டு, அப்சல் தோட்டத்துத் திராட்சையில் அரைக் கிலோ அவள் வாய்க்குள் போகும்வரை "ரெண்டும் சமம்" என்று சொல்லிப் பழக்கினேன். மறுநாள் சோதனை ஆரம்பித்ததும் அவளுக்கு இடப்பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். மகிமா கேள்வியைக் கேட்டாள். பிள்ளை முழித்தது. அதிகாரி கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது நாங்கள் செய்கிற மாதிரி, "சமம்... சமம்..." என்று மெதுவாக எடுத்துக்கொடுத்தேன். அசையவில்லை. மறுபடியும் சொன்னேன். கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் மாப்பிள்ளை, முதல் நாள் அத்தனை திராட்சை தின்றவள்!

மகிமா என்னை உற்றுப் பார்த்தாள். "மாமா, அங்கன இருக்காதீங்க. இங்கன, வலப்பக்கமா வந்து அதே மாதிரி மெதுவாச் சொல்லுங்க" என்றாள். சொல்லிக்கொடுப்பதை அனுமதிக்கிற முதல் அதிகாரியை அன்றுதான் பார்த்தேன். பெருமையோடு போய் உட்கார்ந்து அதே குரலில் சொன்னேன். "சமம்!" என்று கத்தினாள் பாஜிலா, தெருவுக்கே கேட்டது. நான் கைதட்டினேன். மகிமா தட்டவில்லை. நோட்டில் ஒரே ஒரு வரி எழுதினாள்: இடப்பக்கம் இரண்டு முறை, திரும்பவில்லை, வலப்பக்கம் ஒரு முறை, பதில்.

அப்சல் பிள்ளையைத் தேனிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். இடது காதுக்குள் நீர் கோத்திருக்கிறதாம், நல்ல வேளையாகச் சீக்கிரம் பார்த்தீர்கள் என்றாராம் டாக்டர். இரண்டு வருடமாக நான் அந்தப் பிள்ளையை அதட்டிக்கொண்டிருக்கிறேன். அதுவும் என் வீட்டு வாசலில் நின்று, அவளுக்கு இடப்பக்கமாக.

மாப்பிள்ளை, ஒரு உதாரணம் சொல்கிறேன். கடமலைக்குண்டில் முத்துராஜா என்று ஒருவன் என்னிடம் படித்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிட்டேன். இப்போது கூடலூரில் ஜீப் ஓட்டுகிறான். எங்கே பார்த்தாலும் "சார்!" என்று ஓடிவந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நான் பேசுவதைக் கேட்பான். மரியாதை என்று நினைத்திருந்தேன்.

இதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய் என்று மகிமாவிடம் நீங்கள் சொன்னபடியே கண்டிப்பாகத்தான் கேட்டேன். அங்கன்வாடிகளைப் பார்த்துக்கொள்கிற வேலை, வளர்ச்சி தாமதப்படும் பிள்ளைகளுக்கான மையம், குடும்ப நீதிமன்றத்தில் சண்டைக்கு நடுவே நிற்கிற பிள்ளையோடு பேசுகிற வேலை என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நம் எப்சிபா என்ன சொன்னாலும் இருபத்தைந்து வருடமாக உங்களுக்குக் கேட்பதில்லையே, அதுவும் காதுக் கோளாறா என்று விசாரித்தேன். "அப்பாவுக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும் மாமா. அது குடும்பவியல். எம்.எஸ்ஸி.ல ரெண்டாவது வருசப் பாடம்" என்றாள்.

முடிவு உங்களுடையது. நான் குறுக்கே வர மாட்டேன். பூர்த்தி செய்த விண்ணப்பம் என் வேதப்புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது, உங்கள் வார்த்தை வராமல் அதைத் தொட மாட்டேன். அவசரப்படாமல் யோசித்து எழுதுங்கள்.

கர்த்தர் உங்கள் வீட்டையும் கடையையும் காக்கட்டும். எப்சிபாவுக்கு என் அன்பு.

தங்கள் அன்புள்ள,
ஸ்டான்லி

பி.கு.: வேதப்புத்தகத்துக்குள் இருப்பது விண்ணப்பத்தின் நகல். அசல் செவ்வாய்க்கிழமையே பதிவுத் தபாலில் போய்விட்டது. கையெழுத்துப் போடும் இடத்தில் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்று இருந்தது. உறவுமுறை என்ற கட்டத்தில் 'தாய்மாமன்' என்று எழுதினேன். அதற்கு மேல் நம் பக்கத்தில் யார் கேள்வி கேட்பார்கள்? கோபம் வந்தால் வந்து திட்டுங்கள் மாப்பிள்ளை. எந்தப் பக்கம் உட்கார்ந்து திட்டினாலும் எனக்குக் கேட்கும். மகிமா சோதித்துப் பார்த்துவிட்டாள்.