பார்க்கிங்கில் நின்ற படகு

"ஆர்.சி. புக் இருக்கா சார்?" என்று கேட்டாள் ஜெபா.

கஜபதி தன் படகைப் பார்த்தார். காருக்கென்று ஒதுக்கிய இடத்தில் அது தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சாதுவாகக் கிடந்தது. மூக்கு மட்டும் மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரை உரசிக்கொண்டிருந்தது.

"போட்டுக்கு ஏதும்மா ஆர்.சி. புக்?"

"பதிவு பண்ணாத வண்டி எதுவும் பார்க்கிங்ல நிக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு சார். அந்த ரூலை எழுதினதே நீங்கதான்."

உண்மைதான். கஜபதி ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பது வருஷமாக கேட் பாஸ் போடுகிறவர். காகிதம் இல்லாமல் ஒரு ஆணியைக்கூட வெளியே விட்டவரில்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வெள்ளானூரில் இந்த 'லேக் பிரீஸ்' குடியிருப்புக்கு வந்ததும், சங்கத்துக்கு நாற்பது விதிமுறைகளை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். ஜெபா அந்தச் சங்கத்தின் செயலாளர். ஐ.டி. கம்பெனி வேலை, நாகர்கோவில் பெண், கறாரான ஆள்.

"ஒரு மாசம் டைம் தரேன் சார். அதுக்குள்ள பேப்பர் கொண்டு வாங்க."

பேப்பர்தானே என்று கஜபதி தெம்பாக மாடியேறினார். வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்தத் தெம்பு போய்விட்டது. ஐந்து மாதமாக இப்படித்தான். செருப்பு ஸ்டாண்டில் ஜெகதாம்பாளின் செருப்பு இருக்காது. "காலைக் கழுவிட்டு வாங்க" என்ற குரல் இருக்காது. அவர் காலைக் கழுவாமலே போய் சோபாவில் உட்காருவார். திட்ட ஆள் இல்லாத வீட்டில் அழுக்குக் காலோடு உட்காருவதில் ஒரு சுகமும் இல்லை.

டிசம்பர் மழையில் குடியிருப்பைச் சுற்றி ஆளுயரத்துக்குத் தண்ணீர் நின்றது. மீட்புப் படகில் கஜபதி காலையில் கரையேறினார். மனைவி ஜெகதாம்பாளும், அன்று வீட்டு வேலைக்கு வந்து மாட்டிக்கொண்ட அஞ்சலையும் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் கரையேறினார்கள். ஜெகதாம்பாள் நேராக மாங்காட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

"அவளுக்குத் தண்ணின்னா பயம்" என்று கஜபதி எல்லோரிடமும் சொன்னார். "எல்லாம் படகுப் பற்றாக்குறை. இத்தனாம் பெரிய ஏரியாவுக்கு ரெண்டு போட்டு விட்டா எப்படி?"

ஞாயிறுதோறும் போன் செய்வார். வா என்று கூப்பிடுவார். அவள் ஒரே கேள்விதான் கேட்பாள். "திரும்பத் தண்ணி வந்தா என்ன பண்ணுவீங்க?"

நாலு மாதம் யோசித்து, அதற்குப் பதிலாகத்தான் இந்தப் படகை வாங்கினார். கோவளம் பக்கம் மூடிப்போன ஒரு ரிசார்ட்டில் கிடந்த ஃபைபர் படகு. துடுப்பு இரண்டு, லைஃப் ஜாக்கெட் இரண்டு. அதில் ஒன்று மெரூன் நிறம், ஜெகதாவுக்குப் பிடித்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனார். வாசலில் இருந்தவர், "எத்தினி சக்கரம்?" என்று கேட்டார்.

"சக்கரம் இல்லீங்க."

"அப்ப இங்க இல்ல."

மீன் துறைக்காரர்கள், "மீன் புடிப்பீங்களா?" என்று கேட்டார்கள். மார்க்கெட்டில்தான் பிடிப்பேன் என்று உண்மையைச் சொன்னார். அவர்கள் துறைமுகத்துப் பக்கம் உள்ள இன்னொரு அலுவலகத்துக்குக் கைகாட்டினார்கள். அங்கே கவுன்ட்டரில் இருந்த அம்மாள் விண்ணப்பத்தை எடுத்து வைத்தாள்.

"எந்தத் தண்ணியில ஓட்டப் போறீங்க?"

"எங்க தெருவுல மேடம்."

"தெருவுல தண்ணி இருக்குமா?"

"டிசம்பர்ல இருக்கும்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "ஆறு, ஏரி, கழிமுகம், ஏதாவது ஒரு நீர்நிலை பேர் வேணும் சார்."

"அப்ப வெள்ளானூர் ஏரின்னு போடுங்க. டிசம்பர்ல எங்க தெருவும் ஏரியும் ஒண்ணுதான்."

"எத்தனை பேர் போற படகு?"

"ரெண்டு பேர்." இதற்கு மட்டும் அவர் யோசிக்கவே இல்லை.

"படகுக்குப் பேர்?"

இதற்கும்தான். "ஜெகதாம்பாள்."

"அந்தப் பேரை ரெண்டு பக்கமும் பெயின்ட்ல எழுதி, போட்டோ கொடுங்க. அப்புறம் எங்க சர்வேயர் வந்து படகு மிதக்குதான்னு பார்ப்பார்."

ஊருக்குத் திரும்பும் வழியில், பூந்தமல்லி சாலையில் லாரிக்கு எழுதும் சம்பத்தைப் பிடித்துக் கையோடு பார்க்கிங்குக்குக் கூட்டி வந்தார். சம்பத் நல்ல தொழிலாளி. ஆனால் இருபது வருஷப் பழக்கம் கையை விடுமா? கஜபதி டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள், சிவப்பும் மஞ்சளுமாக, பூ வேலைப்பாட்டோடு, 'ஸ்ரீ ஜெகதாம்பாள் துணை' என்று எழுதி முடித்திருந்தார்.

"ஜெகதாம்பாள்னு மட்டும்தான சம்பத்து சொன்னேன்?"

"அம்மன் பேரை மொட்டையா எழுதினா நல்லா இருக்காது அண்ணாத்தே."

அம்மன் இல்லை, சம்சாரம் என்று சொல்லக் கஜபதிக்குக் கூச்சமாக இருந்தது. விட்டுவிட்டார். அதுதான் தப்பு. மறுநாள் காலையில் படகின் மூக்கில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். அதற்கடுத்த நாள் எலுமிச்சம்பழ மாலை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பார்க்கிங்கில் விளக்கேற்றிப் பொங்கல் விநியோகமே நடந்தது.

ஜெபா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "இப்ப எடுக்கச் சொன்னா எல்லாரும் என்கூட சண்டைக்கு வருவாங்க சார். என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

கஜபதியின் தொன்னையிலும் பொங்கல் விழுந்தது. ஜெகதாவின் பொங்கலில் மிளகு முழுசு முழுசாகக் கிடக்கும். அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டோரம் வைப்பார். "இருபத்தினாலு வருஷமா மிளகு பொறுக்குறதைத் தவிர வேற என்ன செஞ்சீங்க?" என்பாள். இந்தப் பொங்கலில் மிளகே இல்லை. பொறுக்க ஒன்றும் இல்லாமல், இரண்டு வாய்க்கு மேல் அவருக்கு இறங்கவில்லை.

அந்த ஞாயிறு போனில் சொல்லிவிட்டார். "உன் பேர்ல ஒரு போட்டு வாங்கியிருக்கேன் ஜெகதா."

அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எதுக்கு?"

"திரும்பத் தண்ணி வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டியே. அதுக்குத்தான்."

"ஓ. அதுக்கு போட்டா?"

"ரெண்டு பேர் போற போட்டு. கவர்மென்ட் சர்டிஃபிகேட் வருது. வந்ததும் எடுத்துக்கினு வரேன், பாரு."

"குக்கர் விசில் அடிக்குது. வெக்கிறேன்" என்றாள். கஜபதி காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். எந்த விசிலும் அடிக்கவில்லை. இருந்தாலும், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினாள் என்று அன்று இரண்டு இட்லி சேர்த்துச் சாப்பிட்டார்.

சர்வேயர் வரும் தேதி கடிதத்தில் வந்தது. மே மாதம் பதினேழு. கஜபதி ஓடிப்போய் வெள்ளானூர் ஏரியைப் பார்த்தார். ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நட்ட நடுவில் ஸ்டம்ப் ஊன்றியிருந்தது.

"மிதக்கத் தண்ணி வேணுமே" என்று ஜெபாவிடம் போய் நின்றார்.

"அதுக்கு நான் என்ன சார் பண்றது?"

"நம்ம நீச்சல் குளம் சும்மாதான கிடக்கு?"

பில்டர் விளம்பரத்தில் நீலமாக இருந்த அந்தக் குளத்தில் முதல் வருஷத்துக்குப் பிறகு தண்ணீர் விட்டதில்லை. இப்போது வடகம் காயப் போடுவதற்குப் பயன்பட்டு வந்தது. படகு சீக்கிரம் பார்க்கிங்கைவிட்டுக் கிளம்பினால் போதும் என்று ஜெபா தலையாட்டினாள்.

பதினேழாம் தேதி காலையில் மூன்று டேங்கர் லாரி வந்தது. எட்டுப் பேர் சேர்ந்து படகைத் தூக்கிக் குளத்தில் இறக்கினார்கள். குங்குமப் பொட்டும் எலுமிச்சை மாலையுமாக அது மிதந்தபோது கஜபதிக்குக் கண் கலங்கியது. குளத்துப் படியில் உட்கார்ந்து மெரூன் லைஃப் ஜாக்கெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவர் கவனிக்காத ஒன்று இருந்தது. குடியிருப்பில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை. மோட்டார் காயில் போயிருந்தது. டேங்கர் வந்த செய்தி ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் பரவியதும் பக்கெட், குடம், பிளாஸ்டிக் டிரம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"ஏம்மா, இது போட்டுக்கு விட்ட தண்ணிம்மா" என்று கஜபதி கெஞ்சினார்.

"அம்மன் குளிச்ச தண்ணி சார், நல்லதுதான்" என்று சொல்லிக்கொண்டே மொண்டார்கள்.

சர்வேயர் சுலைமான் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. அமைதியான மனிதர். குளத்தைப் பார்த்தார், படகைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார்.

"வெள்ளானூர் ஏரி இதானா சார்?"

"ஏரியில மேட்ச் நடக்குதுங்க."

"ஃபார்ம்ல ஜெகதாம்பாள்னு இருக்கு. படகுல ஸ்ரீயும் துணையும் இருக்கு."

"ஸ்ரீயையும் துணையையும் அழிச்சிடறேன் சார். ஜெகதாம்பாள் மட்டும் இருந்தா போதும்." சொல்லிக்கொண்டே கஜபதி மெரூன் ஜாக்கெட்டின் வாரை நீவிவிட்டார். சுலைமான் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, பேன்டை மடித்துவிட்டுக்கொண்டு குளத்தில் இறங்கினார்.

படகைத் தட்டினார், அளந்தார், எழுதிக்கொண்டார். பிறகு கஜபதியை ஒரு பலகையில் உட்காரச் சொல்லிவிட்டு, தானும் எதிரே ஏறினார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் உள்ளே வந்தது. சுலைமான் இறங்கினார், படகு நிமிர்ந்தது. மறுபடி ஏறினார், மறுபடி சாய்ந்தது. மூன்றாவது தடவை மாலை அறுந்து எலுமிச்சம்பழங்கள் குளமெல்லாம் மிதந்தன.

"சார், படகு நல்ல படகு. சர்டிஃபிகேட் தரலாம்" என்றார் சுலைமான். "ஆனா ஒரு ஆளுக்குத்தான் தர முடியும்."

"ரெண்டு பேருன்னு எழுதியிருக்கேனே சார்."

"நீங்க எழுதலாம், படகு தாங்கணுமே. ஒரு ஆள்னு போட்டா இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன். பார்க்கிங்குக்கு இது போதும்."

ஜெபா நிம்மதியாக மூச்சு விட்டாள். "போதும் சார், வாங்கிக்குங்க. பேப்பர்தான வேணும்?"

முப்பது வருஷத்தில் முதல்முறையாகக் கஜபதிக்கு ஒரு காகிதம் போதவில்லை. படகைவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். பேன்ட் நனைந்திருந்தது. எதிர்ப் பலகை காலியாக இருந்தது.

"ஒரு ஆளுக்கு வாங்கி நான் என்ன சார் பண்றது? எதை எடுத்துக்கினு மாங்காட்டுக்குப் போறது?" என்றார். "அவளுக்குத் தண்ணின்னா பயம் சார். இதைக் காட்டி கூப்பிட்டா வந்துடுவான்னு இருந்தேன். அஞ்சு மாசமா டீ போட்டா ரெண்டு டம்ளர்ல ஊத்திடறேன். எனக்கு அவ வேணும் சார்."

குளத்தைச் சுற்றி நின்றவர்கள் மொள்ளுவதை நிறுத்தினார்கள். சுலைமான் பேனாவை மூடிக்கொண்டு எங்கேயோ பார்த்தார்.

"நாளைக்கே தண்ணி வருதுன்னு வைங்க" என்று கஜபதி எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "வீட்டுல ரெண்டு பேர், படகுல ஒரு எடம். யார் சார் ஏறுறது?"

படியோரம் நின்ற அஞ்சலை நிரம்பிய குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இன்னா சார் தெரியாத மாரி கேக்குற, அன்னிக்கும் போட்ல ஒரு ஆளுக்குத்தான் எடம் கீதுன்னாங்க, அம்மா கையை உதறிட்டு நீதான ஏறிக்கினு போன."