ரெண்டு நாள் ஆவும்!

ஜவ்வாது மலையிலேயே அவசரம் என்றால் என்னவென்று தெரியாத மனிதர் அவர் ஒருவர்தான். எமனே வந்தாலும் அவரிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில்தான் நிற்கவேண்டும். எங்கள் மலை ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'ரெண்டு நாள்' என்றால் குழந்தையும் வழிகாட்டும்.

சிறுநீரோ சீழோ எதைக் கொடுத்தாலும், அதிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்காமல் வாய் திறக்கமாட்டார். "இன்னா அவசரம்? ரெண்டு நாள் ஆவும்." பழக்க தோஷத்தில், பஸ் எப்போது வரும் என்று கேட்டவரிடமும் அதையே சொல்லி அடி வாங்காமல் தப்பினார்.

நான் இங்கே பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. காய்ச்சல் விட்டதும் மிச்சமாகும் மாத்திரைகளை எல்லோரும் அதில் போடுவோம். அடுத்து யாருக்கு உடம்பு சுட்டாலும், கணக்கு வாத்தியார் நிறம் பார்த்து இரண்டு எடுத்துக் கொடுப்பார். பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் வந்த 'ரெண்டு நாள்' அதைப் பார்த்துவிட்டார்.

"வாத்தியாரே, பரிச்சையில பசங்க பிட்டு குடுத்துக்கறாங்கல்ல?"

"பிடிச்சிப் பிடிச்சி கையே வலிக்குது."

"கிருமியும் அப்படித்தாங்க. பிளாஸ்மிட்டுன்னு வளையமா ஒரு பிட்டு. மருந்துல சாவாம தப்பிக்கிற வழி அதுல இருக்கும். பக்கத்து கிருமிய இழுத்து வெச்சி ஒரு காப்பி குடுத்துடும். வேற ஜாதிக் கிருமிக்கும் குடுக்கும்! ஒரே பிட்டுல நாலு மருந்துக்குப் பதில் இருக்கும். நீங்க அரகொறயா மாத்திர போட்டா பிட்டு இல்லாததுங்க செத்துப்பூடும், வெச்சிருக்கறது மட்டும் பாஸாயி குட்டி போடும்."

"ஜாதி பாக்காம குடுக்குதா? அப்ப நம்மளவிட மேல்தான்" என்றார் கணக்கு வாத்தியார். எல்லோரும் சிரித்தோம். டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த மழைக்காலத்தில் என் மனைவிக்கு நீர்க்கடுப்பு. டப்பாவிலிருந்து நானே எடுத்துப் போய்க் கொடுத்தேன். இரண்டு தடவை கேட்டது. மூன்றாம் தடவை சிறுநீரகம் வரை போய், குளிர் காய்ச்சலில் கட்டிலோடு ஆடினாள். ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிக்கும் இறங்கவில்லை.

"சிறுநீர்ல கிருமி வளத்துப் பாக்கற கல்ச்சர் ரிசல்ட் வரணும் சார். அதுக்குள்ள மோசமானா வேலூருக்குத்தான் இறக்கணும்" என்றார் டாக்டரம்மா. வெளியே மலைப்பாதையில் மண் சரிந்து கிடந்தது.

லேப் ஜன்னலில் போய் நின்று, பதில் தெரிந்திருந்தும், "எப்பங்க?" என்றேன். அவர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

இரண்டு நாள் முடிய இன்னும் அரை நாள் இருந்தது. வார்டு வாசலில் தடதடவென்று சத்தம். மனுஷன் ஓடி வருகிறார்! ஒரு காலில் செருப்பு இல்லை, கையில் காகிதம்.

"நாலு மருந்து வேலைக்காவாதுங்கம்மா. அஞ்சாவது கேக்குது!" பிறகு என்னைப் பார்த்து, "செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு" என்றார்.

மருந்தை மாற்றினார்கள். மறுநாள் காய்ச்சல் இறங்க ஆரம்பித்தது. வெட்கத்தோடு டப்பாவைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். திறந்து பார்த்தவர், "பிஸ்கட்டு ஒண்ணுகூட இல்லியா?" என்றார்.

இப்போது மாற்றலாகிக் கண்ணமங்கலம் பக்கம் இருக்கிறார். வருஷா வருஷம் எங்கள் மரத்தின் முதல் பலாப்பழம் அவருக்குத்தான் பஸ் ஏறும். போன வாரம் என் மனைவி போன் போட்டாள். "பழம் எப்படி இருந்திச்சிண்ணா?"

"இன்னும் அறுக்கலம்மா. ரெண்டு நாள் ஆவும்."

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். என் வீட்டில் இன்றும் அந்தச் சிரிப்பு கேட்கிறதே, அது அவர் போட்ட பிச்சை.