ஞாயிற்றுக்கிழமை மௌனம்

இத்தாலியில் உதைபந்தாட்டப் பருவம் தொடங்கிய செப்டெம்பரில் நான் மௌன விரதம் பிடிப்பதென்று தீர்மானித்தேன்.

காரணம் இருந்தது. லண்டனில் எங்கள் ஆட்களுக்கு ஞாயிறு என்றால் பிறந்தநாள், இல்லையேல் பெரியபிள்ளையான பெட்டைக்குச் சாமத்தியவீடு. இரண்டும் இல்லாவிட்டால் மனைவி சிவகௌரியின் தங்கை வத்சலா வீடு. ரிவியில் நாலாம் சனல் இத்தாலிய ஆட்டத்தைக் காட்டத் தொடங்கியதும் அதே ஞாயிறு மத்தியானத்தில்தான்.

"என்னத்துக்கு விரதம்?" என்றாள் சிவகௌரி.

"மன அமைதிக்கு."

"உங்களுக்கோ, எனக்கோ?"

"ரெண்டு பேருக்கும். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டிலயிருந்து பின்னேரத் தேத்தண்ணி வரைக்கும் வாய் திறக்கமாட்டன்."

"ரிவி?"

"அதுக்கும் மௌனம். படம் மட்டும் ஓடும்."

வாய் திறக்காத மனிதனை எந்த விருந்துக்குக் கொண்டுபோவது? விட்டுவிட்டாள்.

அது என் பொற்காலம். ஜன்னலுக்கு வெளியே சாம்பல் மழை. பெட்டிக்குள் மஞ்சள் வெயில். பந்து சத்தமில்லாமல் புல்லில் மிதந்து போகும். மைதானமே வாய் பிளந்து கத்தும். எனக்குக் கேட்பதோ, பின்னால் சிவகௌரி உடுப்பு அயன் பண்ணும்போது எழும் நீராவிப் பெருமூச்சு. கண் பாதி மூடும். கனவிலும் அதே ஆட்டம் தொடரும்; அங்கே மட்டும் என் அணியான நீலச் சட்டைக்காரர் வெல்வார்கள்.

விழித்தால் தோல்வி. கடைசி ஆட்டத்தில் வென்றால்தான் முதல் பிரிவில் இருப்பார்கள் என்ற நிலை வந்தது.

அதற்கு முந்தின ஞாயிறு, ஆட்டத்தின் நடுவில் நீராவி நின்றது.

"இஞ்சாருங்கோ, பிடிச்ச விரதத்தை முறைப்படி முடிக்கவேணும். வாற ஞாயிறு மத்தியானம் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில பூசை வைப்பம். ஏலாதெண்டாச் சொல்லுங்கோ."

நான் எப்படிச் சொல்வேன்? வேண்டாமென்று இரண்டு கையையும் சேர்த்து ஆட்டினேன்.

"கும்பிடுறார்," என்று தொலைபேசியில் சொன்னாள். "ஓம் வத்சலா, அத்தானுக்குச் சம்மதம். எல்லாருக்கும் சொல்லு."

தேத்தண்ணி வந்தபோது அரை லண்டனுக்கும் செய்தி போய்விட்டது. இனி வாய் திறந்து என்ன சொல்வது? பிள்ளையாரைப் பார்க்க நேரமில்லை, பந்து பார்க்கவேண்டும் என்றா?

பூசை ஞாயிறன்று சிவகௌரி வாசலோடு நின்றுவிட்டாள். "பூசை முடிய வாற சனத்துக்கு வடை சுட ஆரும் நிக்கவேணுமெல்லே. வத்சலா உங்களோட வருவாள்."

கோயிலில் கண்ணை மூடினேன். கற்பூரப் புகை மைதானத்தில் ரசிகர் கொளுத்தும் வாணப் புகையாயிற்று. மணியோசையில் சனம் ஆர்ப்பரித்தது. பிள்ளையாரிடம் ஒரேயொரு கோல் கேட்டேன்.

வீடு திரும்பினால் தெருவரைக்கும் ரிவி சத்தம். தட்டில் கருகின வடை.

"பிழைச்சிட்டினம்," என்றாள்.

"ஆர்?"

"உங்கட நீலச் சட்டைக்காரர். கடைசி நேரத்தில தலையால அடிச்சான் பாருங்கோ, அதில வடையை மறந்திட்டன். அதுசரி, இவ்வளவு நாளும் சத்தமில்லாமல் என்னத்தைப் பாத்தனீங்கள்?"