ஒருமனதாக நிறைவேறிய கீறல்

ஒவ்வொரு சேகரிப்பாளர் வீட்டிலும் கட்டாயம் இருந்தே தீரவேண்டிய தட்டுகள் எவையெவை என்று, ஜாஸ் இசைத்தட்டு சேகரிப்போர் சங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டியல் வெளியிடுவது வழக்கம். பட்டியலில் ஏறும் தட்டைத் தொழிற்சாலையில் மறுபடியும் புதிதாக அடித்து வாங்குவார்கள். பரிந்துரைத்த உறுப்பினருக்கு முதல் பிரதி இனாம்.

அந்த முதல் பிரதிக்காகத்தான் சங்க உறுப்பினரான ஒரு தையல்காரர் விண்ணப்பம் போட்டார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு தட்டு. ஏதோ ஓர் ஓட்டலின் கீழ்த்தளத்தில் பியானோ, டிரம்ஸ், ஆளுயர டபுள் பேஸ் என்று மூன்று பேர் வாசித்த கச்சேரியை அங்கேயே பதிவு செய்தது. ஆறு வருஷத்துக்கு முன் கத்தரிக்கோல் கைதவறி அதன்மேல் விழுந்தது. அன்றிலிருந்து பியானோக்காரர் ஓர் இடத்துக்கு வந்ததும் 'டிங் டிடிங் டங்' என்று நின்று சுற்ற ஆரம்பித்துவிடுவார். முள்ளைத் தள்ளி வைத்தாலும் வழுக்கிக்கொண்டு அங்கேயே வந்து நிற்கும். கீறல் விழுந்த ரெக்கார்டு என்று ஊரில் ஆளைத் திட்டுவார்கள். தையல்காரர் வீட்டில் அது நிலவரம்.

அந்த இடத்துக்கு அப்புறம்தான் டபுள் பேஸ் தனியாக வாசிக்கும் நாலு நிமிஷம். அதைக் கேட்டால் தையல் மிஷினை மிதிக்கிற கால் தானாக நின்றுவிடும். கடை கடையாக அலைந்தும் வேறு பிரதி கிடைக்கவில்லை. அந்த நாலு நிமிஷத்துக்காக மனுஷன் ஏங்கிப்போயிருந்தார்.

சங்கச் செயலாளர் பேனாவைத் திறந்தார்.

"தட்டோட நிலை?"

"போட்டுக் கேட்ட தட்டுங்க."

பேனா நின்றது. "எத்தனை தடவை?"

"தினமும்."

செயலாளர் இருபுறமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இதை வெளியில சொல்லாதீங்க. இங்க யாரும் உறையையே பிரிச்சதில்லை. பிரிச்சா தட்டுக்கு மதிப்பு போயிடும்."

"அப்ப எது நல்ல தட்டுன்னு எப்படிங்க தெரியும்?"

"போன பட்டியலைப் பார்த்துத்தான்."

"போன பட்டியல்?"

"அதுக்கு முந்தின பட்டியலைப் பார்த்து. வாய்க்கு வந்தபடி நாங்க எதையும் செய்யறதில்லை." செயலாளர் அடுத்த கேள்விக்குப் போனார். "கீறல் உண்டா? இருந்தா விண்ணப்பம் செல்லாது."

தையல்காரர் பேனாவைப் பார்த்துச் சொன்னார். "வயசுக்கு ஏத்த அடையாளம் இருக்கும்."

'இல்லை' என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

முந்தின எந்தப் பட்டியலிலும் இல்லாத தட்டு என்பதால், விதிகளைத் தளர்த்தி, அதைக் கேட்டே பார்த்துவிடுவது என்று சங்கம் முடிவெடுத்தது. சங்கம் தொடங்கியதிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பிளேயரை ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே எடுத்தார்கள். முள்ளை எங்கே வைப்பது என்று பன்னிரண்டு உறுப்பினர்களில் தையல்காரருக்கு மட்டும்தான் தெரிந்தது. கீறல் வருவதற்குள் நைசாக முள்ளைத் தூக்கிவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். ஆனால் நில அளவைத் துறையிலிருந்து ஓய்வுபெற்றவரான சங்கத் தலைவர், "வரலாற்றுச் சிறப்புமிக்க இத்தருணத்தில் யாரும் இருக்கையை விட்டு எழலாகாது" என்று அறிவித்துவிட்டார்.

டிங் டிடிங் டங். டிங் டிடிங் டங்.

தையல்காரர் உட்கார்ந்தபடியே எண்ணினார். பத்து, இருபது, முப்பது. தலைவர் கண்ணை மூடித் தலையாட்டினார். தலைவர் ஆட்டியதும் மற்ற பத்துத் தலைகளும் ஆடின.

"என்ன பிடிவாதம்!" என்று தலைவர் எழுந்தேவிட்டார். "சொன்னதையே சொல்லும் துணிச்சல் யாருக்கு வரும்!"

"ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேற மாதிரி வாசிக்கிறாரு, கவனிச்சீங்களா?" என்றார் பல் டாக்டர்.

"கவனிக்காம? நாற்பதாவதுல ஒரு சோகம் இருந்துச்சே!" என்றார் செயலாளர்.

தட்டு பட்டியலில் ஏறியது. தையல்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் செயலாளர் தீர்மானத்தைத் தொடர்ந்து வாசித்தார்: "மேற்படி தட்டை, இம்மன்றம் செவிமடுத்த இதே பிரதியை மூலமாகக் கொண்டு, ஓசையில் அணுவளவும் கூட்டாமலும் குறைக்காமலும் அடித்து வழங்குமாறு..."

தையல்காரர் துள்ளி எழுந்தார். "ஐயா, அது வாசிப்பு இல்லீங்க. கீறல். என் கத்தரிக்கோல் பட்டது."

தலைவர் கனிவாகத்தான் பேசினார். "உங்க தன்னடக்கம் புரியுது. ஆனா 'அற்புதம்'னு குறிப்பேட்டுல ஏறிடுச்சு. கீறலை அற்புதம்னு சொல்ற சங்கமா இது?"

"இல்லீங்க."

"அப்ப அது கீறல் இல்லை. கீறல்தான்னா உங்க விண்ணப்பமே செல்லாது, பட்டியலும் இல்லை, முதல் பிரதியும் இல்லை. வாக்கெடுப்பு வச்சுடலாம். கீறல் இல்லைங்கிறவங்க கை தூக்குங்க."

பதினோரு கை எழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ ஒரு பிரதியாவது வரட்டும், தொழிற்சாலைக்காரன் புத்திசாலியாக இருந்து சரிசெய்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டு தையல்காரரும் தூக்கினார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

தொழிற்சாலைக்காரன் நேர்மையானவனாக இருந்து தொலைத்தான். புதுத் தட்டில் டிங் டிடிங் டங் அந்தப் பக்கம் முடியும்வரை தொண்ணூறு தடவை வந்தது. உறையில் 'முழுமையான பதிப்பு' என்று அச்சிட்டிருந்தது. அவ்வளவும் விற்றுத் தீர்ந்தது. வாங்கியவர்களில் யாரும் பிரிக்கவில்லை. தலைவர் தம் கைப்பேசி மணியையே டிங் டிடிங் டங் என்று மாற்றிக்கொண்டார். சங்கத்தில் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் தையல்காரரை அசல் தட்டு ஆய்வாளராக நியமித்து, மேஜையும் முத்திரையும் கொடுத்தார்கள்.

நாலு மாசம் கழித்து ஒரு தபால்காரர் வந்தார். கையில் அதே கச்சேரி, பழைய அச்சு. "வீட்டுப் பரண்ல கிடந்துச்சுங்க. அசல்னு ஒரு சான்றிதழ் வேணும்."

தையல்காரர் முள்ளை வைத்தார். பியானோ அந்த இடத்துக்கு வந்தது, ஒரு தடவை வாசித்தது, தாண்டிப் போயே போய்விட்டது. பிறகு டபுள் பேஸ். மேஜைக்கு அடியில் பழக்கதோஷத்தில் மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. ஆய்வின் நிமித்தம் இரண்டாவது தடவையும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்திரையை எடுத்து, 'போலி' என்று குத்தினார்.

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க! நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா அங்கீகரிச்ச பிரதில அந்த இடம் தொண்ணூறு தடவை வருது. உங்களதுல ஒரே ஒரு தடவை. மீதி எண்பத்தொன்பதை யார் எடுத்தது?"

"சத்தியமா நான் தொடலீங்க."

"நான் உங்களைச் சொல்லலை. போலியை ஆய்வாளர் பொறுப்புல ஒப்படைச்சிடணும், அதுதான் விதி." விதிப்புத்தகத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தபால்காரர் கேட்கவில்லை. தையல்காரருக்கு மனசு உறுத்தாமல் இல்லை. ஆனால் டபுள் பேஸ் அதைவிடப் பலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. தட்டைத் தம் பைக்குள் வைத்துக்கொண்டு, சங்கத்துக்கென ஒதுக்கி வைத்திருந்த முழுமையான பதிப்பு ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து நீட்டினார்.

"இது அசலுங்களா?" என்று தபால்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ரொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு. போனதும் போட்டுக் கேட்கிறேன்."

"ஐயையோ, அதெல்லாம் வேண்டாம்" என்றார் தையல்காரர். "உறையைப் பிரிக்காம பத்திரமா வச்சுக்குங்க."