பின்னாடி கவனிங்க

அன்றைக்கு நடந்தது, நடந்த வரிசையில்:

1. எங்கள் வேன் ஒரே ஒரு சோதனையைத் தவிர எல்லாச் சோதனைகளிலும் தேறியது.
2. நான் ஊழல் ஒழிப்பைப் பற்றி உரையாற்றினேன். (யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.)
3. உரையின் நடுவில் வேன் கிளம்பிப் போனது. உள்ளே யாரும் இல்லை.
4. புரோக்கர் செல்வம் நாற்காலியிலிருந்து வேப்பமரத்துக்கு இடம் மாறினார்.
5. நாற்காலி மாறவில்லை.

வரிசையில் பிழை கிடையாது. ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு, தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரிசை போடுவதில் என்னைக் குறை சொல்ல ஆளில்லை. வரிசையில் போட்ட வேலையைச் செய்வதில்தான் ஆளுண்டு, அதுவும் எங்கள் வீட்டிலேயே.

அப்பாவிடம் ஒரு பழைய வேன். கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறும். மலைமேல் உள்ள பள்ளிகளில் வேலை பார்க்கும் டீச்சர்களைக் காலையில் ஏற்றிப் போய், சாயங்காலம் இறக்கிவிடுவது அவர் தொழில். பள்ளி திறக்கும் அன்று டீச்சர்கள் எந்த வேனில் ஏறுகிறார்களோ, வருடம் முழுக்க அந்த வேன்தான். அப்படி இருக்க, பள்ளி திறக்கப் போகும் சமயம் பார்த்து எங்கள் வேனுக்கு எஃப்.சி. முடிந்தது.

எஃப்.சி. என்பது, வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று அரசாங்கம் தரும் சான்றிதழ். எங்கள் ஊரில் அதை வாங்குவது என்று யாரும் சொல்வதில்லை, ‘காட்டுவது’ என்பார்கள். வேனைக் குளிப்பாட்டி, பெயின்ட் பூசி, பக்கத்து வேனின் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைக் காட்டுவது போலக் காட்டுவார்கள். பார்த்துவிட்டுப் போனதும் இரவல் நகை மாதிரி டயரும் அதன் வீட்டுக்குப் போய்விடும்.

இந்தக் கல்யாணங்களை நடத்தி வைப்பவர்தான் செல்வம். நான் லீவில் வந்திருந்த நேரம், வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, இந்த வாட்டி புது பிரேக் இன்ஸ்பெக்டரு. ரேட்டு கொஞ்சம் ஜாஸ்தி ஆவும்.”

(வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரியை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். பிரேக்கை மட்டும் அவர் பார்த்து யாரும் பார்த்ததில்லை.)

“எதுக்குண்ணா குடுக்கணும்?” என்று நான் குறுக்கே போனேன்.

“கவனிக்கணும் இல்லம்மா? சில ஆபீசர முன்னாடியே கவனிக்கணும். சில பேர பின்னாடி கவனிச்சாப் போதும். அது ஆளப் பொறுத்து.”

“முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம். வண்டிய நான் ரெடி பண்றேன். நேர்மையா காட்றோம், நேர்மையா வாங்கறோம்.”

செல்வம் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

“படிச்ச புள்ள, ஆசப்படுது,” என்றார் அப்பா.

“ஆசப்படட்டும்ணே. எங்க போயிடப் போறேன்? நான் கிரவுண்டுலதான் குந்தியிருப்பேன்.”

அவர் போனதும் அப்பா மெதுவாக, “ஏம்மா, ஸ்கூலு தொறக்கறதுக்குள்ள ஆவலன்னா, டீச்சருங்க எல்லாம் குமாரு வேன்ல ஏறிப் பூடுவாங்க,” என்றார்.

“ஆகும்ப்பா. என்னை நம்புங்க.” (இந்த வாக்கியத்தை எங்கள் வீட்டில் இப்போது யாரும் உபயோகிப்பதில்லை.)

வேலையில் இறங்கினேன். விளக்கு, ஹாரன், வைப்பர், தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி. ஒவ்வொன்றாக முடித்து டிக் அடித்தேன். டயர் இரவல் இல்லை, சொந்த டயர். ஹேண்ட் பிரேக் கேபிளை மெக்கானிக்கிடம் கூட விடாமல், வேனுக்கு அடியில் படுத்து நானே இழுத்து டைட் வைத்தேன்.

அப்பாவுக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் இருந்த உறவு, வாக்காளருக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் உள்ள உறவு. இருக்கிறார் என்று தெரியும், அவசரத்துக்கு நம்பியதில்லை. வேனை எங்கே நிறுத்தினாலும் இறங்கி, பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு பலாக்கட்டையைச் செருகுவார். கொண்டை ஊசி வளைவில்கூட அந்தக் கட்டைதான் வேனைப் பிடித்து நிறுத்தும்.

புறப்படும் அன்று அந்தக் கட்டையை எடுத்து வாசலில் வைத்தேன்.

“அது இருந்துட்டுப் போவட்டும்மா.”

“லிஸ்ட்ல இல்லப்பா.”

கட்டை வீட்டில் நின்றது. நாங்கள் புறப்பட்டோம். யாராவது லஞ்சம் கேட்டால் சாட்சிக்கு இருக்கட்டும் என்று செல்போனில் ஒலிப்பதிவைப் போட்டுச் சுடிதார் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எஃப்.சி. காட்டும் மைதானத்தில், சரிவு முடிகிற இடத்தில் வேப்பமரம். அதன் நிழலில் மேஜை, பிளாஸ்டிக் நாற்காலி, செல்வம். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். வெயிலில் வியர்த்துக்கொண்டே ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். இண்டிகேட்டர் போட்டுப் பார்த்தார், வைப்பரை இழுத்துப் பார்த்தார். கடைசியில், “நல்லா வெச்சிருக்கீங்களே. யாரு ரெடி பண்ணது?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பாராட்டுகிறார் என்றால் கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

“மேட்டுல ஏத்தி, நியூட்ரல் பண்ணி, ஹேண்ட் பிரேக் போட்டுட்டு எறங்குங்க,” என்றார் அப்பாவிடம். அப்பா ஏற்றினார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், இறங்கினார். பழக்க தோஷத்தில் பின்சக்கரத்தருகே குனிந்தார். கையில் கட்டை இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

வேன் அசையவில்லை. எனக்கு மெய்சிலிர்த்தது.

“ஃபர்ஸ்ட் எய்டு பாக்ஸ் எடுத்தாங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். அப்பா முன்கதவைத் திறந்து பெட்டியை எடுத்துக்கொண்டு, கதவைப் ‘படார்’ என்று சாத்தினார். (எங்கள் வேன் கதவு அப்படிச் சாத்தினால்தான் சாத்தும்.) நான் வேனுக்கு முதுகைக் காட்டி, இன்ஸ்பெக்டரைப் பார்த்து நின்றிருந்தேன். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். என் தோளுக்கு அப்பால் எதையோ பார்த்தார்.

“ஏம்மா, பின்னாடி கவனிங்க.”

வந்துவிட்டது. முன்னாடி கவனிக்கிற ரகம் இல்லை, பின்னாடி கவனிக்கிற ரகம். நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

“சார், நாங்க யாரையும் முன்னாடியும் கவனிக்க மாட்டோம், பின்னாடியும் கவனிக்க மாட்டோம்.”

“அய்யோ, பின்னாடிம்மா! சீக்கிரம் கவனிங்க!”

“எவ்வளவு தைரியம் சார் உங்களுக்கு! அதுல அவசரம் வேறயா? உங்கள மாதிரி ஆளுங்களாலதான் நாடு பின்னாடி போகுது!”

“நாடு இல்லம்மா! போய்க்கினே இருக்கு, போய்க்கினே இருக்கு!”

“போகட்டும் சார்! எஃப்.சி. போனாலும் பரவாயில்ல, நேர்மை போகக் கூடாது!”

அவர் பேனாவைப் போட்டுவிட்டு என்னைத் தாண்டி ஓடினார். அப்போதுதான் திரும்பினேன்.

வேன் சரிவில் பின்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. வேகமெல்லாம் இல்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் மாதிரி நிதானமாக. அதன் முன்னால் அப்பா, முதலுதவிப் பெட்டியை மார்போடு அணைத்தபடி ஓடிக்கொண்டிருந்தார். வேனின் முகம் அவரைப் பார்த்தபடியே விலகிப் போயிற்று.

கீழே செல்வம் எங்களுக்கு முதுகைக் காட்டி போனில் பேசிக்கொண்டிருந்தார்.

“செல்வம், வண்டி! வண்டி!” என்று மைதானத்தில் இருந்தவர்கள் கத்தினார்கள்.

அவர் திரும்பாமலேயே, “வரிசையில நிக்கச் சொல்லு!” என்றார்.

வேன் வரிசையில் நிற்கவில்லை. சக்கரச் சத்தம் கிட்ட வந்ததும் திரும்பிப் பார்த்த செல்வம், அந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படி மரத்தில் ஏறினார் என்பது அவருக்கே இன்றுவரை தெரியாது. மேஜை சாய்ந்தது. பின்சக்கரம் நாற்காலி மேல் ஏறி, மடக்கி, நசுக்கி, அதிலேயே முட்டி நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூச்சிரைக்க வந்து சேர்ந்த அப்பா, என்ன செய்வதென்று தெரியாமல் இன்ஸ்பெக்டரிடம் பெட்டியை நீட்டினார். “சார், பாக்ஸு.”

இன்ஸ்பெக்டர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். “கட்டை போட்டாப்பல நிக்குது,” என்றார். பிறகு நிமிர்ந்து, “ஹேண்ட் பிரேக் பெயில். மத்தது பாஸ். சரி பண்ணிக்கினு வாங்க.” என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நான் யார்கிட்டயும் வாங்கறது இல்ல. கவனிங்கன்னா, திரும்பிப் பாருங்கன்னு அர்த்தம்.”

அவர் கண்ணெதிரிலேயே ஒலிப்பதிவை நிறுத்தப் பைக்குள் கை விட்டேன். போனோடு ஒரு நட்டும் வந்தது. ஹேண்ட் பிரேக் கேபிளின் லாக் நட். டைட் வைத்த பிறகு அது நழுவாமல் இருக்க மேலே போட வேண்டிய நட். லிஸ்டில் டிக் அடிக்கும் அவசரத்தில் இதே சுடிதார் பைக்குள் போட்டுவிட்டேன்.

மரத்திலிருந்து செல்வத்தை இறக்க ஏணி கொண்டுவந்தார்கள். இறங்கியதும் அப்பாவிடம் அவர் சொன்னது: “நான்தான் சொன்னேனேண்ணே, புது ஆபீசரு, ஜாஸ்தி ஆவும்னு. அந்த ஆளு வாங்க மாட்டாருண்ணே. வாங்கற ஆபீசர்னா கம்மியில முடிச்சிடலாம். வாங்காத ஆளுன்னா வண்டிய நெசமாவே ரிப்பேர் பண்ணணுமே!”

மறுநாள் அப்பா மன்னிப்புக் கேட்கப் போனார். வெறுங்கையோடு போவது மரியாதை இல்லை என்று, மலையிலிருந்து வந்த பலாப்பழம் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். இன்ஸ்பெக்டர் எழுந்தே நின்றுவிட்டாராம். “எடுத்துக்கினு போங்கய்யா மொதல்ல. ஒங்க பொண்ணு எங்கனா நின்னுக்கினு ரிக்கார்டு பண்ணப் போவுது!”

மெக்கானிக் கேபிளைச் சரிசெய்து, வேன் மறுபடி மேடேறித் தேறுவதற்குள் பள்ளி திறந்துவிட்டது. டீச்சர்கள் எல்லோரும் குமார் வேனில் ஏறிவிட்டார்கள். அப்பா என்னைத் திட்டவில்லை. காலையில் எழுந்து குளித்து, போக இடமில்லாமல் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

சில நாள் கழித்து, டீச்சர்களிலேயே மூத்தவரான மேரி டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

“இன்னாங்க, வண்டி எஃப்.சி.ல பெயிலாயிடுச்சாமே?”

அப்பா தலையைக் குனிந்தார். “ஆமாங்க டீச்சர்.”

“இத்தினி வருசமா இந்த மலைக்குப் போயிக்கினு இருக்கேன். எஃப்.சி.ல பெயிலான வண்டின்னு ஒண்ணு இப்பதான் கேள்விப்படறேன். அப்ப ஒங்க வண்டிய நெசமாவே பாத்திருக்காங்க. குமாரு வண்டி பாஸுன்னு சொல்றாரு. யாரு பாத்தாங்க, அதச் சொல்லச் சொல்லுங்க. திங்கக்கெழமை வந்து எங்க எல்லாரையும் ஏத்திக்கினு போங்க.”

அந்த ஒலிப்பதிவை நான் அழிப்பதற்குள் என் தம்பி எடுத்துவிட்டான். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், சாப்பாட்டுக்கு அப்புறம் அதைப் போடுவார்கள். நான் கையை ஆட்டிப் பேசப் பேச, பைக்குள் போனில் நட்டு இடித்து ‘டிங் டிங்’ என்று கேட்கும். ‘நேர்மை போகக் கூடாது’ என்ற இடத்தில் கடைசி டிங். என் பெயர் கவிதா. உறவினர்களுக்கு நான் கவனிதா.

இப்போதைய நிலவரம்: வேன் ஓடுகிறது. டீச்சர்கள் அதில்தான் போகிறார்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது. செல்வம் இரும்பு நாற்காலி வாங்கி, மரத்துக்கு அந்தப் பக்கம் போட்டிருக்கிறார். இந்த வருடம் எஃப்.சி. காட்டப் போனபோது அப்பா பலாக்கட்டையை வேனில் ஏற்றிக்கொண்டு, என்னை வாசலில் விட்டுவிட்டுப் போனார்.