மாமா, இங்கே மணி ஆட்டுவது மட்டும் வேலை இல்லை

பயிற்சி முகாம்,
வியாழக்கிழமை.

பாலசமுத்திரம் மாமா நல்லுசாமி அவர்களின் பாதங்களுக்கு அக்கா மகன் விக்னேஷ்குமார் செய்துகொள்ளும் நமஸ்காரம். தாங்களும் அத்தையும் மணிமேகலையும் ஆயக்குடித் தோட்டத்துக் கொய்யா மரங்களும் சுகமாக இருக்கப் பழனியாண்டவர் துணை நிற்கட்டும். என் சுகத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

ஞாயிறுதோறும் பத்து நிமிஷம் போன் தருகிறார்கள். பயிற்சி வாத்தியார் பக்கத்திலேயே நிற்பதால் "நல்லா இருக்கேனுங்க மாமா" என்று மட்டும் சொல்லிவருகிறேன். அது பொய். பட்டாளத்துக்குப் பூசாரி எடுக்கிறார்கள் என்று விண்ணப்பத்தை என் கையில் திணித்தது தாங்கள்தான். "அங்க மணி ஆட்டுறது மட்டுந்தான் மாப்ள வேலை. கவர்மெண்டு உத்தியோகத்தோட வா, மணிமேகலைய உனக்கே கட்டித் தர்றேன்" என்றீர்கள். ஆறு வாரம் ஆயிற்று. விடிவதற்குள் இரண்டு மைல் ஓட விடுகிறார்கள், பிறகு முள்வேலிக்கு அடியில் தவழ விடுகிறார்கள், பதினோரு வருஷம் கோயிலில் வெறுங்காலோடு நடந்து அகன்றுபோன பாதத்துக்கு எந்தப் பூட்ஸும் சேராமல் இரண்டு கட்டைவிரல் நகமும் போய்விட்டன.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அணிவகுப்புதான் என்னைக் கொல்கிறது. மாரியம்மனை வலம் வந்தே பழகிய உடம்பு மாமா இது. இடப்பக்கம் திரும்பச் சொன்னால் மூளைக்குப் புரிகிறது, கால் கேட்க மாட்டேன் என்கிறது. எல்லோரும் இடப்பக்கம் திரும்ப நான் மட்டும் வலப்பக்கம் திரும்பி, அங்கே நிற்கும் நாகர்கோவில் பாதிரியார் பிராங்கிளினோடு மூக்கோடு மூக்கு முட்டி நிற்கிறேன். அவரும் என்னைப்போலப் பயிற்சிக்கு வந்தவர். ஒவ்வொரு முறையும் மன்னிக்கிறார். நேற்று மட்டும் மன்னிக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். வாத்தியார் இமயமலைப் பக்கத்து ஹவில்தார், பூசாரிகளிடம் பக்தி உள்ளவர், அதனால் மரியாதையாகவே திட்டுகிறார். பண்டிட்ஜி, தங்கள் திருவடிகள் எந்த ஊரில் இருக்கின்றன என்று மைதானம் அதிரக் கேட்கிறார். துப்பாக்கியைப் பிடித்துப் பார்க்கக் கொடுத்தபோது பழக்க தோஷத்தில் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன், அதன் வாய் பிராங்கிளினைப் பார்த்து நின்றது. பெரிய அதிகாரிக்குச் சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பி நடக்க வேண்டுமாம். பெரியவருக்கு முதுகைக் காட்டலாமா என்று பின்பக்கமாகவே நடந்துபோய்ப் பூந்தொட்டிகளின் மேல் விழுந்தேன்.

அணிவகுப்புத் தேர்வில் இரண்டு முறை தோற்றாயிற்று. மாதக் கடைசியில் மூன்றாவது, அதிலும் தோற்றால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்பிவிட்டார்கள் என்பதைவிட நானே வந்தேன் என்பது கௌரவம் என்று ராஜினாமா எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். மணிமேகலையை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனாலும் தங்களை வாக்கிலிருந்து விடுவிக்கிறேன். பெண் கேட்டுக்கொண்டிருக்கும் ஒட்டன்சத்திரத்துக்காரர்களை வரச் சொல்லிவிடுங்கள். திண்டுக்கல்லில் இறங்கினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள், நான் தள்ளிப்போய்க் கொடைரோட்டில் இறங்குகிறேன். தாங்கள் மட்டும் ஸ்டேஷனுக்கு வாருங்கள். முகத்தை மூட ஒரு துண்டு கொண்டுவரவும்.

பெரியவர்களுக்கு வணக்கமும், சின்னவர்களுக்கு ஆசியும், என்னைப் பற்றி விசாரிப்பவர்களுக்கு மௌனமும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
எதற்கும் உதவாத மருமகன்,
விக்னேஷ்குமார்

பி.கு.: இதை வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். காலையில் வாத்தியார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் கட்டிலருகே வந்து நின்றார். ஊரில் அவருடைய மகளுக்கு இன்றைக்கு இருதய ஆபரேஷனாம், இவர் ரயிலேறினால் போய்ச் சேர இரண்டு நாளாகும். முகாம் கோயிலில் அர்ச்சனை செய்யச் சொன்னார். குழந்தையின் நட்சத்திரம் கேட்டேன், தெரியவில்லை. சாமிக்குத் தெரியும் என்று சொல்லித் தொடங்கினேன். பிறகு போன் வரும்வரை மூன்று மணி நேரம் என் கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் பாஷை பாதிதான் தெரியும். குழந்தை பிழைத்துவிட்டாள். நானும் அழுதுவிட்டேன் மாமா. பதினோரு வருஷத்தில் என்னை யாரும் இப்படி நம்பிப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

அடுத்த கால்மணி நேரத்தில் என்னை மைதானத்துக்கு இழுத்துப்போய்ப் பழையபடி திட்ட ஆரம்பித்துவிட்டார். தேறுவேனா தெரியாது. ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் வந்துவிட்டால் காபியோடு அனுப்பிவிடுங்கள். டிபன் எல்லாம் வேண்டாம்.