பலாலியில் இறங்கிய மாமிக்கு

அச்சுவேலி
செவ்வாய்க்கிழமை

பேரன்புள்ள குணலட்சுமி மாமிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீங்களாவது திருச்சிக்கு நலமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்பி, உங்கள் அண்ணையின் மூத்த மகள் நிரோஜா எழுதுகிறேன். அப்பாவின் அழைப்பை நீங்கள் எடுக்காததால்தான் கடிதம்.

உங்கள் விமான ரிக்கற்றின் படம் வந்த அன்றே, இறங்கும் இடம் யாழ்ப்பாணம், அதாவது எங்களுக்குப் பக்கத்திலுள்ள பலாலி, என்று போட்டிருந்ததை நான் கண்டேன். கண்டதை முறையாகச் சொல்ல நினைத்து, பலாலி ஓடுபாதையை உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியர் அமைத்ததையும், முன்பு அங்கிருந்து திருச்சிக்கு விமானம் பறந்ததையும், சண்டையில் அது நின்றதையும், 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து கொரோனாவில் மறுபடி நின்று இப்போது சிறிய விமானங்கள் வருவதையும் சொல்லி, கடைசியாக, மாமியும் அங்கேதான் இறங்குவார் என்றேன். அதற்குள் அம்மா உலையைப் பார்க்கப் போய்விட்டார். அப்பா, "பிள்ளை பொது அறிவுப் போட்டிக்குப் பாடமாக்கிறாள். நல்லாச் சொல்லுறாய், குஞ்சு" என்றுவிட்டு வாடகைக்கு வான் ஓட்டும் ஜெறோம் அண்ணைக்கு அழைப்பெடுத்தார். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் முதல்நாளே புட்டுப் பார்சலோடு கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய் நிற்பதுதானே எங்கள் வழக்கம். கடைசி வசனத்தை நான் முதல் வசனமாகச் சொல்லியிருக்க வேண்டும், மாமி. ஜெறோம் அண்ணையின் வானில் ஏறிய பிறகும் சொன்னேன். "பலாலியிலை ஆமிப் பிளேன்தான் இறங்கும். கதையாமல் படு" என்றார் அப்பா.

பிறகு நீங்கள் அழைத்தீர்கள்.

"அண்ணை, நான் வந்திட்டன். எங்கை நிக்கிறியள்?"

"வாசலிலைதான். நீல வான். நீ எங்கை?"

"நானும் வாசலிலைதான். இஞ்சை வானைக் காணேல்லை. பனைதான் நிக்குது."

அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அப்பா, கட்டுநாயக்காவிலை எங்கை பனை?" என்று தங்கச்சி கஜானி கேட்டாள். அப்பா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

நாங்கள் திரும்பி வரப் பொழுதுபட்டுவிட்டது. முப்பது வருடங்களுக்குப் பிறகு வந்த நீங்கள், பூட்டிய வீட்டைப் பார்த்தபடி அடுத்த வீட்டு அற்புதராணி அக்காவின் கதிரையில் இருந்தீர்கள். இரவும் அங்கேயே படுத்தீர்கள், எங்கள் படலைக்குள் காலே வைக்கவில்லை. இன்று காலை ஆட்டோவில் ஏறும்போது, "என்னை வழியனுப்பவும் கட்டுநாயக்காவுக்குப் போகாதேங்கோ, அண்ணை" என்றீர்கள். அப்பா அதற்குப் பிறகு சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பெரியபிள்ளையான கஜானிக்குச் சாமத்தியச் சடங்கு. முதல் தண்ணீர் மாமியின் கைதான் வார்க்க வேண்டும், வேறு கை வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். கஜானி அழுகிறாள். இக்கடிதம் ஞாயிறுக்குள் கடல் தாண்டாது என்பது எனக்குத் தெரியும். என்றாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நகுலேஸ்வரர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் எங்கள்மேல் கொஞ்சம் இரக்கத்தையும் தரட்டும்.

என்றும் உங்கள் மருமகள்,
நிரோஜா

பி.கு: முத்திரை ஒட்டிய பிறகு அற்புதராணி அக்கா வேலிக்கு மேலால் செய்தி சொன்னார். உங்களை ஏற்ற வந்த விமானம் மழையில் பலாலியில் இறங்க முடியாமல் திரும்பிப் போய்விட்டதாம். நீங்கள் அரியாலையில் சிநேகிதி வீட்டில் நிற்கிறீர்களாம். ஆகவே இதைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவந்திருக்கிறேன். அப்பாவும் வெளியே ஒழுங்கை முடக்கில் நனைந்துகொண்டு நிற்கிறார், கூப்பிட்டால்தான் வருவாராம். அவரோடு கோபத்தை விட வேண்டாம், மாமி. ஞாயிறு தண்ணீர் வார்த்துவிட்டுத் திங்கட்கிழமையிலிருந்து தொடருங்கள்.